ஒண்ணு மூணாச்சு, வலி மட்டும் போகல

கேள்வி: எனக்கு வயசு 41. திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் டைலர், பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். மூணு வருஷமா இடுப்புவலி, ஸ்கேன்ல டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு புடைச்சிருக்கறது), தேய்மானம்னு வந்துச்சு. ட்ராமடால் கலந்த வலி மாத்திரை தினம் ஒண்ணுன்னு ஆரம்பிச்சது இப்ப மூணு. ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போனப்ப மாத்திரை தீர்ந்துருச்சு, ரெண்டு நாளும் வேர்த்துக் கொட்டுது, வயித்துப்போக்கு, தூக்கமே இல்ல. நான் போதைக்கு அடிமையாயிட்டனா? இது இல்லாம எப்படிங்க வேலை பாக்கறது?

பதில்: தங்கச்சி, உங்க உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகிருச்சு, அதுதான் அந்த ரெண்டு நாள் வேர்வையும் வயித்துப்போக்கும். இதுல நீங்க வெக்கப்பட எதுவுமே இல்ல, ட்ராமடால் மார்ஃபின் வகையச் சேர்ந்த மருந்து, யார் தொடர்ந்து சாப்பிட்டாலும் இப்படித்தான் ஆகும், அதனாலதான் 2018ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயே கொண்டுவந்தாங்க. ஆனா ஒண்ணு, இதப் படிச்சுட்டு கோவத்துல மாத்திரைய குப்பைல போட்டுறாதீங்க. திடீர்னு நிறுத்தினா சிலருக்கு வலிப்பு கூட வரும். உங்க ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, அங்க போய் தினம் மூணு போடறேன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க, வேற மாத்திரை எது சாப்பிட்டாலும் அதையும் சொல்லுங்க, கொஞ்சம் கொஞ்சமா எப்படிக் குறைக்கறதுன்னு எழுதித் தருவாங்க. போறதுக்கே தயக்கமா இருந்தா மொதல்ல அரசோட மனநல உதவி எண் 14416க்கு ஒரு போன் போடுங்க, இலவசம்தான், தமிழ்லயே பேசலாம்.

மாத்திரை இல்லன்னா வலி தாங்காதேன்னு பயப்படறீங்க, புரியுது. அமெரிக்காவுல நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலி இருக்கற 240 பேர ரெண்டு குழுவா பிரிச்சு ஒரு வருஷம் பாத்தாங்க, 2018ல வெளிவந்துச்சு, மார்ஃபின் வகை மாத்திரை சாப்பிட்டவங்க சாதாரண வலி மாத்திரை சாப்பிட்டவங்கள விட நல்லா ஒண்ணும் நடமாடல, வலி கூட மார்ஃபின் வகை சாப்பிட்டவங்களுக்குத்தான் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்து உள்ள வைங்க. வலியே இல்லாத 40 வயசுக்காரங்கள ஸ்கேன் எடுத்தாலும் பாதிப்பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கும், தேய்மானம் அதுக்கும் மேல. தலைமுடி நரைக்கற மாதிரிதான். இத யாருமே நம்ம பொம்பளைங்ககிட்ட சொல்றதில்ல, தேஞ்சுபோச்சுன்னு ஒரே வார்த்தைல அனுப்பிடறாங்க, அந்த வார்த்தைய கேட்டதுலருந்து குனியவே பயந்து இடுப்ப வெறப்பா வெச்சு வெச்சு வலி இன்னும் கூடுது.

ஆனா கால் வலுவில்லாம இழுத்தா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாம போனா, உக்கார்ற இடம் மரத்துப்போனா அன்னிக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல், எடை குறையறது இருந்தாலும் தள்ளிப் போடாம காட்டணும், முதுகெலும்புல டிபி வர்றதும் நம்ம பக்கம் உண்டு.

இப்ப உங்க ஸ்டூலுக்கு வர்றேன். பெடல் தள்ளி இருந்தா வலது காலை நீட்டி ஒரு பக்க இடுப்புலயே மொத்த பாரத்தையும் வெச்சு உக்காருவீங்க, கழுத்து ஊசி மேல தொங்கும், பத்து மணி நேரம் இப்படி இருந்தா நல்ல முதுகும் வலிக்கும். ஸ்டூல முன்னால இழுத்துப் போடுங்க, ரெண்டு பாதமும் தரைலயும் பெடல்லயும் முழுசா பதியணும். ஒவ்வொரு பண்டல் முடியறப்பவும் எந்திரிச்சு ரெண்டு கையையும் இடுப்புல வெச்சு அஞ்சு தடவ மெதுவா பின்னால சாயுங்க. பீஸ் ரேட்ல அரை நிமிஷம் கூட காசுதான்னு தெரியும், இருந்தாலும் அத விட்றாதீங்க.

டெய்லி நடைதான் எனக்குத் தெரிஞ்சு பெரிய மருந்து. பத்து நிமிஷத்துல ஆரம்பிங்க, வலிச்சாலும் நடக்கலாம், எதுவும் உடைஞ்சுறாது, வாரம் ரெண்டு மூணு நிமிஷம் கூட்டிட்டே போங்க. பிசியோதெரபிக்கு நேரம் இல்லன்னா அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வர்றாங்க, பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. பெல்ட்டுக்கு செலவு பண்ணாதீங்க, 2023ல உலக சுகாதார நிறுவனமே நாள்பட்ட இடுப்புவலிக்கு பெல்ட்டும், இடுப்ப இழுத்து விடற சிகிச்சையும் வேண்டாம்னு சொல்லிருச்சு.

நடுவுல ஒரு வாரம் வலி மறுபடி ஏறும், கண்டிப்பா ஏறும். அப்ப படுத்தே கிடக்காம சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துட்டு, நடைய பாதியா குறைச்சுக்குங்க, ஆனா நிறுத்தாதீங்க. பழைய மாத்திரை ஸ்ட்ரிப் மட்டும் கைப்பைல இருக்க வேண்டாம், டாக்டர் எழுதின கணக்குப்படி அன்னன்னிக்குள்ளத வீட்ல வேற யாராவது எடுத்துக் குடுக்கட்டும்.