'கோப்ளின்' தொடரில் எமதூதனும் சன்னியும்

அமானுஷ்யத் தொலைக்காட்சித் தொடர்களில் மெல்ல மெல்ல வளர்ந்த காதல்களுள் உங்கள் மனத்தில் நிலைத்தது எது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 'கோப்ளின்' என்ற கொரியத் தொடரில் எமதூதனுக்கும் சிக்கன் கடை நடத்தும் சன்னிக்கும் இடையே வளர்ந்த காதல் என்பதே என் விடை. அவர்கள் அத்தொடரின் முதன்மை இணையர் அல்லர். ஆயினும் அவர்களுக்காகவே அந்தத் தொடரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றாம் முறை பார்த்தபோதுதான் அந்தக் காதல் எப்படி வளர்க்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு முழுதாக விளங்கியது. தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. முடிவு வரை சொல்லாமல் இந்தக் கேள்விக்கு என்னால் நேர்மையாகப் பதில் எழுத முடியாது.

2016 டிசம்பர் 2 முதல் 2017 ஜனவரி 21 வரை தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 16 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் இது. எழுதியவர் கிம் உன் சுக். இயக்கியவர் லீ உங் போக். கொர்யோ அரசின் படைத்தலைவன் கிம் ஷின், பொறாமையும் அச்சமும் கொண்ட இளம் அரசனின் ஆணையால் கொல்லப்படுகிறான். அவன் மார்பில் பாய்ந்த வாளோடு, சாகா வரமே தண்டனையாக, கொரியர்கள் 'தொக்கெபி' என்று அழைக்கும் அமானுஷ்ய உயிராக எழுகிறான். அந்த வாளை உருவக்கூடியவள் அவனுக்கென்று விதிக்கப்பட்ட மணமகள் மட்டுமே. உருவினால் அவன் மறைந்துவிடுவான். கோங் யூ நடித்த கிம் ஷினும் கிம் கோ உன் நடித்த உன் தக்கும் அந்த முதன்மை இணையர். சாவைத் தேடி வந்தவன் அவளால் வாழ ஆசைப்படுவது அழகான கருத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடக்கத்தில் அவள் பள்ளிச் சீருடையில் இருப்பதும் அவனுக்கு 939 வயது என்பதும் எனக்கு உறுத்தலாகவே இருந்தன. அதனால் என் கண் பக்கத்து அறைக்குப் போயிற்று. கிம் ஷினின் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் எமதூதன் அங்கே இருந்தான்.

எமதூதன் என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். ஆங்கில வசன வரிகள் அவனை அரிவாள் ஏந்திய மேலைநாட்டு மரண உருவத்தின் பெயரால் குறிக்கின்றன. கொரியச் சொல்லின் நேர்ப்பொருளோ மறுவுலகத்தின் தூதன் என்பது. நம் ஊர்ப் பெயர் அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஊரடங்குக் காலத்தில், கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் தார்சால் என்னும் முன்கூடத்தில், கைப்பேசியைச் செம்பின்மேல் சாய்த்துவைத்து ஆச்சியோடு உட்கார்ந்து இதைப் பார்த்தேன். வசன வரிகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல ஆச்சி கேட்டுக்கொண்டிருந்தார். கிம் ஷின் வாளோடு எழுந்த காட்சியில், "ஏட்டி, இது நம்ம ஊர்க் கதைல்லா! வெட்டுப்பட்டுச் செத்தவன் வரம் வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார். சித்திரை, வைகாசிக் கோயில் கொடைவிழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர். அநியாயமாகக் கொல்லப்பட்டவர் கயிலைக்குப் போய்ச் சிவனிடம் வரம் பெற்று, இறங்கி வந்து, கொன்றவன் குலத்தைக் கருவறுத்து, பிறகு நிலையம் கேட்டுப் பீடத்தில் அமர்வது தாமிரபரணிக் கரையில் பிறந்த எவருக்கும் புதிய செய்தி அன்று. ஆகவே கொல்லப்பட்டவனின் கதை ஆச்சிக்கு உடனே பிடிபட்டது. எனக்கும் அவருக்கும் புதிதாக இருந்தது கொன்றவனின் கதை.

லீ டோங் உக் நடித்த அந்த எமதூதனுக்குப் பெயரும் இல்லை, நினைவும் இல்லை. இறந்தவர்களைத் தேநீர் அறைக்கு அழைத்து வந்து, இவ்வுலக நினைவுகளை மறக்கச் செய்யும் தேநீரைக் கொடுத்து அனுப்புவது அவன் பணி. ஒருநாள் ஒரு நடைமேம்பாலத்தில், பிறப்பைக் காக்கும் தெய்வம் மாறுவேடத்தில் விரித்திருக்கும் கடையில், பச்சைக்கல் மோதிரம் ஒன்றை எடுக்க அவனும் சன்னியும் ஒரே நேரத்தில் கை நீட்டுகிறார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் கண்களிலிருந்து நீர் வழிகிறது. ஏன் அழுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. யூ இன் நா நடித்த சன்னி இதைக் கண்டு திகைத்தாலும் அடுத்த கணமே சுதாரித்துக்கொண்டு, மோதிரம் வேண்டுமானால் தொலைபேசி எண்ணைத் தா என்பதுபோல் துணிச்சலாகப் பேரம் பேசுகிறாள். அவனிடம் தொலைபேசியே இல்லை.

அதற்குப் பின் பல பகுதிகள் வரை இந்தக் காதல் சிரிப்பாகவே நகர்கிறது; நான் ரசித்ததும் அந்தப் பொறுமையைத்தான். முந்நூறு ஆண்டுகளாக உயிர்களைக் கொண்டுபோகிறவன், ஒரு பெண்ணைத் தொலைபேசியில் அழைக்க அஞ்சுகிறான். பெயர் என்ன என்று அவள் கேட்கையில் விழித்து நின்று, பின்னொரு நாள் புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிவிடுகிறான். அவளோ, இவன் எதையோ மறைக்கிறான் என்று தெரிந்தும், காத்திருக்கிறாள், கோபித்துக்கொள்கிறாள், மறுபடியும் காத்திருக்கிறாள். வியாபாரம் மந்தமான கடையில், நகத்தைப் பார்த்தபடி வாசலை ஓரக்கண்ணால் கவனிக்கும் சன்னியை யூ இன் நா நடித்திருக்கும் விதத்தில், அலட்சியமும் ஏக்கமும் ஒரே முகத்தில் இருக்கின்றன. பெயரும் பிறப்பும் தொழிலும் தெரியாத ஒருவனைப் பெண்ணொருத்தி விரும்புவதற்கு வேறு எந்தத் தொடரும் இத்தனை நேரம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

சிரிப்பு முறியும் இடம், கிம் ஷின் 900 ஆண்டுகளாகக் காத்துவைத்திருக்கும் ஓவியச் சுருளை எமதூதன் பார்க்கும் காட்சி. கிம் ஷினின் தங்கையும் அரசியுமான பெண்ணின் உருவம் அதில் வரையப்பட்டிருக்கிறது. பாலத்தில் வந்த அதே அழுகை, இம்முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாத அளவுக்கு வருகிறது. இந்த இடத்திலிருந்து தொடர் மெதுவாக முடிச்சை அவிழ்க்கிறது. அந்த ஓவியத்தை வரைந்தவன் அவன்தான். அமைச்சன் பார்க் ஜுங் ஹொனின் சொல்லைக் கேட்டுப் படைத்தலைவனையும் அவன் குடும்பத்தையும் கொல்லச் செய்து, தான் உயிராய் விரும்பிய அரசியையும் அம்புக்கு இரையாக்கிய அரசன் வாங் யோ அவன்தான். நஞ்சென்று தெரிந்தே அதை வாங்கிக் குடித்துத் தன் வாழ்வை முடித்துக்கொண்டதால்தான் எமதூதன் ஆனான். கொல்லப்பட்ட அரசியோ சன்னி. அவளுடைய உண்மைப் பெயர் இந்தப் பிறவியிலும் கிம் சன் என்பதை அறியும்போது நமக்கே உடல் சிலிர்க்கிறது. ஆக, கொல்லப்பட்ட அண்ணனும், கொல்லப்பட்ட தங்கையும், இருவரையும் கொல்வித்தவனும் ஒருவர்மேல் ஒருவர் அன்பு வைத்த பிறகு உண்மை வெளிப்படுகிறது. "கொன்னவனையும் செத்தவளையும் சேத்துவச்சா அண்ணாவி கதைய எப்படி முடிப்பாரு?" என்று, வில்லுப்பாட்டின் முதன்மைப் பாடகரான அண்ணாவியை நினைத்து ஆச்சி கேட்டார். நானும் அதே கேள்வியோடுதான் அடுத்த பகுதியைத் தொட்டேன்.

எமதூதனின் முத்தம் முற்பிறவியை நினைவுக்குக் கொண்டுவரும் என்பது அத்தொடரின் விதிகளுள் ஒன்று. சன்னிக்கு எல்லாம் நினைவு வருகிறது. அவளுடைய துயரத்தைத் தாங்காமல், தன் கண்ணின் ஆற்றலால் அவன் அவள் நினைவை அழிக்க முனைகிறான்: மகிழ்ந்த கணங்களை மட்டும் வைத்துக்கொள், துன்பமானவற்றை மறந்துவிடு, என்னையும் சேர்த்து. ஆனால் அவள் எதையும் மறக்கவில்லை. அவனோடு கழித்த கணங்கள் அனைத்துமே, வருந்திய கணங்கள் உட்பட, அவளுக்கு மகிழ்ச்சியின் கணக்கிலேயே இருந்திருக்கின்றன. அழிக்கச் சொன்ன கட்டளைக்குள் அழிக்க எதுவுமே அகப்படவில்லை. காதலைச் சொல்ல இதைவிட நுட்பமான வழியை நான் எந்தத் தொடரிலும் கண்டதில்லை.

அடுத்து அவள் செய்வதுதான் இந்தக் காதலை என் மனத்தில் நிலைநிறுத்தியது. அவனை மறக்கவில்லை, வெறுக்கவும் இல்லை என்று உணர்த்திவிட்டு, இந்தப் பிறவியில் நாம் பிரிந்துவிடுவோம் என்கிறாள். தன்னையும் தன் அண்ணனையும் கொன்றவனுக்குத் தன்னால் தர முடிந்த ஒரே தண்டனை அதுதான் என்பது அவள் தீர்ப்பு. இந்த முடிவு மிகக் கொடியது, நினைவில்லாதவனை எதற்காகத் தண்டிக்க வேண்டும் என்று பல ரசிகர்கள் வருந்துவதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அந்த வருத்தம் புரிகிறது. ஆயினும் உடன்பட முடியவில்லை. அவள் உடனே மன்னித்து அணைத்துக்கொண்டிருந்தால், அம்பு பட்டு விழுந்த அந்த இளம் அரசிக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? சன்னி அவனை விரும்பும் பெண்ணாக மட்டும் இல்லாமல், இறந்துபோன கிம் சன்னின் வழக்கை எடுத்துப் பேசக்கூடிய ஒரே ஆளாகவும் நிற்கிறாள். தான் இழப்பது எவ்வளவு பெரிது என்று தெரிந்தே அந்தத் தண்டனையைத் தனக்கும் சேர்த்து விதித்துக்கொள்கிறாள். யூ இன் நாவின் குரல் அந்தக் காட்சியில் கடைக்காரியின் குறும்பை விட்டு அரசியின் நிதானத்துக்கு வருவதை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள்.

ஆச்சி அன்று சன்னியின் பக்கம் நின்றார். "நல்ல பிள்ளட்டி அவ. அழுதா மட்டும் தீந்து போவுமா? செஞ்சதுக்குப் பதில் சொல்லணும்லா" என்றார். பிறகு முத்துப்பட்டன் கதையை நினைவுபடுத்தினார். பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பிய முத்துப்பட்டன், குடுமியையும் பூணூலையும் நீக்கி, செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த பிறகுதான் அவர்களின் தந்தை வாலப்பகடை பெண் கொடுத்தார் என்பது வில்லுப்பாட்டில் வரும் செய்தி. மாடுகளைக் காக்கப் போய் மாண்ட அவன், காரையாற்றங்கரைச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்கு இன்றும் செருப்பு நேர்த்திக்கடனாக வருகிறது. அங்கும் அவன் விரும்புகிறேன் என்று சொன்ன சொல்லை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பால் உழைத்துக் காட்டச் சொன்னார்கள். எமதூதனுக்கு வாய்த்த வேலை காத்திருத்தல். பெயர் இல்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவன், தன் உண்மைப் பெயரையும் அதில் ஒட்டியிருந்த பாவத்தையும் சுமந்துகொண்டு, கிம் ஷினின் முன்னும் சன்னியின் முன்னும் ஒரு சாக்கும் சொல்லாமல் நிற்கிறான். லீ டோங் உக்கின் முகம் தொடரின் முதல் பாதியில் சிறுபிள்ளையின் முகமாக இருந்தது. இரண்டாம் பாதியில் வயது ஏறிவிடுகிறது.

கிம் ஷின் மறைந்து ஒன்பது ஆண்டுகள் எல்லோரும் அவனை மறந்திருக்க, எமதூதனும் சன்னியும் மட்டும் எதையும் மறக்காமல், ஒருவரிடம் ஒருவர் மறந்ததுபோல் இருந்தார்கள் என்பது பின்னால் தெரியவருகிறது. ஒரே ஊரில், தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்த அந்த ஆண்டுகளைத் தொடர் விரித்துக் காட்டவில்லை. கடைசியில் அவள் கடையை விட்டு ஊரை விட்டே போகிறாள். அந்தப் பிறவியில் அதன்பின் அவர்கள் உயிரோடு சந்திக்கவே இல்லை. சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். இறக்கவிருப்பவரின் பெயர் எழுதிய அட்டைகள் எமதூதனுக்கு வருவது வழக்கம். பல ஆண்டுகளுக்குப் பின் அவனுக்கு வரும் கடைசி அட்டையில் இருப்பது அவள் பெயர்.

மனிதருக்கு நான்கு பிறவிகள் என்று தொடரில் ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது: விதைக்கும் பிறவி, நீர் பாய்ச்சும் பிறவி, அறுக்கும் பிறவி, அறுத்ததை உண்டு வாழும் பிறவி. கார், பிசானம் என இரண்டு போகம் நெல் விளையும் ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எமதூதன் கடைசி அட்டையோடு காத்திருக்க, சன்னி வந்து சேர, இருவரும் சேர்ந்தே புறப்பட்டுப் போகிறார்கள். அடுத்த பிறவியில் அவன் காவல்துறைத் துப்பறிவாளன், அவள் நடிகை. பழைய கணக்கு எதுவும் இல்லாமல் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை எளிதாகக் கிடைத்த மகிழ்ச்சியான முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு முழு வாழ்நாளின் பிரிவை விலையாகக் கொடுத்த பிறகு வந்தது அது.

பதினாறாம் பகுதி முடிந்த இரவில் ஆச்சி உடனே எழுந்து படுக்கப் போகவில்லை. "அந்தப் பாலத்துல மோதிரம் எடுப்பாங்கள்லா, அத இன்னொருக்க போடு" என்றார். முதல்முறை பார்த்தபோது, மோதிரத்துக்கு அழுகிற கிறுக்கன் என்று அவர் சொல்லிச் சிரித்த காட்சி அது. இம்முறை இருவரும் பேசாமல் பார்த்தோம். சன்னி கை நீட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் வசன வரியைத் தமிழில் சொல்லத் தொடங்குமுன் ஆச்சி என் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.