மொய் 60 லட்சம்

கேள்வி: கல்யாணம் செய்துகொண்டதற்காக வேலையை இழந்த ராணுவ நர்ஸுக்கு 60 லட்சம் ரூபாய் தரச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வரவேற்கிறீர்களா?

பதில்: வரவேற்க நான் யார்? டிவியில் கட்சிக்காரர்கள் எல்லாத் தீர்ப்பையும் வரவேற்கிறார்கள், பாதகமாக வந்தால் மட்டும் 'முழுசாகப் படித்துவிட்டுச் சொல்கிறோம்'. எனக்குத் தெரிந்த வரவேற்பு கல்யாண மண்டப வாசலில் சந்தனமும் கல்கண்டும் பன்னீர்ச் செம்புமாக நடப்பது. அதையும் இப்போது கரண்டில் ஓடும் பொம்மையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அது ஆளில்லாத நேரத்திலும் வாசலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பெண் வீட்டார் எல்லாரும் முதல் பந்தியில். அந்தப் பொம்மை மேல் எனக்கு இருக்கும் கோபத்தைத் தனியாக எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெண் ராணுவத்தில் லெப்டினன்ட். மாப்பிள்ளையும் ராணுவ அதிகாரிதான். ஆனால் கல்யாணம் ஆனால் வேலை போகும் என்ற 1977ஆம் வருஷத்து விதி நர்ஸ்களுக்கு மட்டும்! 1988இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1995இல் அந்த விதியை ராணுவமே வாபஸ் வாங்கியது, அப்போதாவது தப்பு என்று புரிந்திருக்க வேண்டும் இல்லையா? 2016இல் லக்னோவில் ராணுவத் தீர்ப்பாயம் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் மத்திய அரசு அப்பீலுக்கு ஓடியது. கடைசியில் 2024 பிப்ரவரி 14 அன்று (காதலர் தினம், தேதியை யார் பார்த்து வைத்தார்களோ) இது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று சொல்லி, 8 வாரத்தில் பணம் தராவிட்டால் 12 சதவீத வட்டி என்றது கோர்ட். அந்த வட்டி எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் இதே கோர்ட்தான் 1981இல், ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை ரத்து செய்துவிட்டு, சேர்ந்து 4 வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்பதை மட்டும் நியாயம் என்று விட்டுவைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று குடும்பக் கட்டுப்பாடு! யார் வீட்டுக் குடும்பம், யாருடைய கட்டுப்பாடு?

அப்புறம் அந்த 60 லட்சம். அது நீங்களும் நானும் கட்டிய வரி. 'அப்பீல் போகலாம்' என்று கோப்பில் குறிப்பு எழுதியவர் பென்ஷனில் ஒரு பைசா குறையாது. மாதம் ஐந்நூறு ரூபாயாவது அவரிடம் பிடிக்கட்டும், அரசாங்க அப்பீல்களில் பாதி கோர்ட் வாசலையே மிதிக்காது.