உக்கோக் பெண்ணின் தோளில் இருக்கும் மான்: கேள்வி பதில்

லினோ பலகையில் செதுக்கி அச்சிட்டும் தாளைக் கத்தரித்தும் நான் செய்த ‘உக்கோக் பெண்’ படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: யார் இந்தப் பெண் அக்கா? எனக்கு அதுவே தெரியாது.

ரஷ்யாவின் அல்தாய் மலைகளில், சீன எல்லைக்குப் பக்கத்தில், உக்கோக் என்று ஒரு பீடபூமி இருக்கிறது. 1993இல் நடாலியா போலோஸ்மாக் என்ற தொல்லியலாளரின் குழு அங்கே ஒரு பழைய கல்லறையின் கல்மேட்டைத் தோண்டியது. உள்ளே மரத்தால் ஓர் அறை. அறை முழுக்கப் பனிக்கட்டி. வெந்நீரை ஊற்றி ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதை உருக்க முடிந்தது. லார்ச் மரத்தைக் குடைந்து செய்த பெட்டிக்குள், இருபதுகளில் இறந்த ஒரு பெண் பக்கவாட்டில் படுத்திருந்தாள், தூங்குகிற மாதிரி. பசிரிக் பண்பாட்டைச் சேர்ந்த நாடோடிகளில் ஒருத்தி. இறந்து ஏறக்குறைய 2,500 ஆண்டுகள்.

கேள்வி: அத்தனை வருடம் பனி எப்படி உருகாமல் இருந்தது?

குழிக்குள் தண்ணீர் இறங்கிக் குளிர்காலத்தில் உறைந்துவிட்டது. மேலே குவித்த கற்கள் கோடை வெயிலை உள்ளே விடவில்லை. இவள் கல்லறைக்கு மேலேயே பிற்காலத்தில் இன்னொருவரைப் புதைத்திருந்தார்கள். திருடர்கள் அதைச் சூறையாடிவிட்டு, அவ்வளவுதான் என்று போய்விட்டார்கள். கீழே இவள் தப்பித்தாள்.

கேள்வி: அவள் தோளில் குத்தியிருக்கிற அந்தப் பச்சைக் குத்தலை நானும் வரைந்து பார்த்தேன். எவ்வளவு முயன்றாலும் நம் ஊர்ப் புள்ளிமான் மாதிரியே வருகிறது. என்ன தப்பு?

அது வெறும் மான் இல்லை. இடது தோளில் இருக்கிற அந்த விலங்குக்கு மான் உடம்பு, கழுகைப் போல வளைந்த அலகு, காட்டாட்டுக் கொம்பு. கொம்பின் நுனிகளில் குட்டிக் குட்டியாகப் பறவைத் தலைகள். முக்கியமான விஷயம் இடுப்பு. முன்னங்கால்கள் கீழே மடங்கியிருக்க, பின்னங்கால்கள் அப்படியே முறுக்கி வானத்தைப் பார்க்கும். உயிருள்ள எந்த மிருகத்துக்கும் அப்படி வளையாது. நீங்கள் அதை ‘சரிசெய்து’ இயல்பாக வரைந்திருப்பீர்கள், அங்கேதான் போய்விட்டது.

பென்சிலைக் கீழே வையுங்கள். இந்த மக்களின் கலை கத்தியிலிருந்து வந்தது. இவளுடைய சவப்பெட்டியின் மேலேயே தோலில் வெட்டிய மான் உருவங்கள் இருந்தன. கம்பளியை அழுத்திச் செய்த ஃபெல்ட்டிலும் இப்படித்தான் வெட்டி ஒட்டித் தைத்தார்கள். தோளா, தொடையா, நிழல் போட மாட்டார்கள். காற்புள்ளி மாதிரி ஒரு வெட்டு, குதிரை லாடத்தில் பாதி மாதிரி இன்னொரு வெட்டு, நடுவில் ஒரு வட்டம். தசை வந்துவிடும். ஒரு கறுப்புத் தாளை எடுத்து மடிக்காமல் ஒரே வெட்டாக முதுகுக் கோட்டை வெட்டிப் பாருங்கள். எனக்குப் பத்தாவது தாளில்தான் வந்தது, சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நீல மையிலா குத்தினார்கள்? என்ன நிறம் பயன்படுத்தலாம்?

கரிதான். தோலுக்கு அடியில் போனதும் நீலமாகத் தெரிகிறது. நம் பாட்டிமார் விளக்குக் கரியில் குத்திக்கொண்டதைப் ‘பச்சை’ என்று சொல்வதும் இதே கணக்குதான். நான் கறுப்பில் ஒரு துளி இண்டிகோ நீலம் கலக்கிறேன். கோடு ஒரே சீராக இருக்கவேண்டும் என்று பயப்படாதீர்கள். 2025இல், இன்னொரு பசிரிக் பெண்ணின் உடலை அகச்சிவப்புப் படங்களில் ஆராய்ந்தார்கள். ஒரு கை மற்றதைவிட நுணுக்கமாகக் குத்தப்பட்டிருந்தது. இரண்டு பேர் குத்தியிருக்கலாம், இல்லை ஒருவரே பழகப் பழகத் தேறியிருக்கலாம். ஊசியால் புள்ளி புள்ளியாகத்தான் குத்தியிருக்கிறார்கள்.

கேள்வி: கையில் வாள் கொடுத்து, குதிரை மேல் ஏற்றி வரையலாமா? அட்டகாசமாக இருக்குமே!

என் முதல் படமே அப்படித்தான், தம்பி. இப்போது அது பரண் மேல் இருக்கிறது. இவள் கல்லறையில் ஆயுதம் கிடைக்கவில்லை. கிடைத்தது முகம் பார்க்கும் கண்ணாடி, மரத் தட்டில் ஆட்டிறைச்சி, குதிரை இறைச்சி, ஒரு சிறு கல் பாத்திரத்தில் கொத்தமல்லி விதை. ஆமாம், நம் அடுப்படி மல்லியேதான். அறைக்கு வெளியே சேணத்தோடு புதைத்த ஆறு குதிரைகள். வாளைவிட அந்த மல்லிதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேள்வி: உடை எப்படி?

மஞ்சள் பட்டுச் சட்டை, ஓரத்தில் அரக்குச் சிவப்புக் கரை. பட்டு காட்டுப் பட்டு. இந்தியப் பக்கத்திலிருந்து போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னதுண்டு. கீழே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கம்பளிப் பாவாடை, காலில் ஃபெல்ட் உறை. தலையை மழித்து, செயற்கை முடி வைத்து, அதன் மேல் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் உயரத் தலையணி. படத்தில் அந்த உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள். பெட்டியையே அதற்காக நீளமாகச் செய்திருந்தார்கள்.

கேள்வி: ‘இளவரசி’ என்று தலைப்பு வைக்கலாமா?

பத்திரிகைகள் வைத்த பெயர் அது. தலைவர்களின் கல்மேடுகள் இதைவிட எவ்வளவோ பெரியவை. இவள் மருத்துவச்சியாகவோ சடங்கு செய்பவளாகவோ இருந்திருக்கலாம். எம்ஆர்ஐ எடுத்தபோது மார்பகப் புற்றுநோயும் கீழே விழுந்த காயங்களும் தெரிந்தன. நான் ‘உக்கோக் பெண்’ என்றே போடுகிறேன்.

கேள்வி: இறந்தவரை இப்படி வரைந்து விற்பது சரியா?

இந்தக் கேள்வி நாலு பேரிடமிருந்து வந்தது. அல்தாய் மக்கள் இவளைத் தங்கள் மூதாதையாகப் பார்க்கிறார்கள். 2003இல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தபோது, இவளை எடுத்துக்கொண்டு போனதால்தான் என்று பலர் நம்பினார்கள். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் இருந்தவள் 2012இல் அல்தாயின் தலைநகரான கோர்னோ-அல்தாய்ஸ்க்கின் அருங்காட்சியகத்துக்குத் திரும்பினாள். மண்ணிலேயே திரும்பப் புதைக்கவேண்டும் என்ற குரல் அதன் பிறகும் ஓயவில்லை.

அதனால் நான் உடலை வரைவதில்லை. காய்ந்த தோல், திறந்த வாய், அதெல்லாம் வேண்டாம். மானை வரைகிறேன், தலையணியை வரைகிறேன், குதிரைகளை வரைகிறேன். ஒரே ஒரு படத்தில் ஆள் இருக்கிறாள்: முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், சட்டை இடது தோளிலிருந்து கொஞ்சம் நழுவியிருக்கிறது, கொம்பின் நுனி மட்டும் வெளியே தெரிகிறது. அதை விற்கவில்லை, கேட்காதீர்கள்.