இபிஎப் பணத்தில் கை வைக்காதீர்கள், அண்ணே

போன வாரம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு குடும்பம் மகனின் மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் வேலை. அம்மா மகனின் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவுத்தாளை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கிள்ளானில் இருக்கும் அத்தை, "இவனையும் டாக்டருக்கு வெளிநாடு அனுப்புங்க, ஏஜென்ட் எல்லாம் பார்த்துக்குவாரு" என்று சொல்லிவிட்டாராம். உயிரியலில் பையன் தட்டுத்தடுமாறித்தான் தேறியிருக்கிறான்.

"கவலைப்படாதீங்க அண்ணே" என்றுதான் தொடங்கினேன். "இபிஎப்ல எடுத்துக் கட்டிடலாம்னு இருக்கேன் சார்" என்றார் அப்பா, தன் ஊழியர் சேமநிதியைச் சொல்லி. அதோடு ஆறுதலை நிறுத்திக்கொண்டேன்.

படிப்புக்காக அதில் எடுக்க வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் 55 வயதுக்குப் பிறகு உங்களுக்குச் சோறு போடும் காசு அது. 2016 இறுதியிலிருந்து இங்கே மலேசியாவில் புதிய அரசாங்க டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள், நிரந்தர வேலைக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய. மனமார விரும்பிப் படிப்பவனுக்கே அது நீண்ட பாதை. இவன் விரும்பவே இல்லை. எப்படித் தெரியும்? "கடைசியா எதுக்காகத் தூங்காம உட்கார்ந்திருந்த?" என்று கேட்டேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து சொல்லத் தொடங்கினான்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததல்லவா? பக்கத்து மளிகைக்கடைக்காரர் தன் லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார். 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு கிடையாது, விண்டோஸ் 11 ஏறாது. இவன் கேட்டு வாங்கி, யூஎஸ்பி குச்சியில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, முதலில் நிறுவாமலே ஓட்டிப் பார்த்திருக்கிறான். எல்லாம் சரி, வைஃபை மட்டும் வரவில்லை. உள்ளே இருந்தது பிராட்காம் சில்லு, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். கடைசியில் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் இணையத்தைக் கடன் வாங்கி ஏற்றினானாம். இரண்டு ராத்திரி போயிருக்கிறது.

அப்புறம் கடையில் 'லைன் கட்' என்று எல்லாரும் கைவிட்ட ஒருநாள், 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் பிங் அடித்து, பதில் வருகிறதா என்று பார்த்திருக்கிறான். பதில் வந்தது, ஆனால் எந்தத் தளமும் பெயரைத் தட்டினால் திறக்கவில்லை. "லைன் இருக்கு சார், பேரை நம்பரா மாத்துற இடத்துலதான் கோளாறு" என்றான் என்னிடம். ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை மாற்றியதும் சரியாகிவிட்டதாம். இதற்குத்தான் ஊரில் சம்பளம் கொடுக்கிறார்கள் அண்ணே.

பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் மெட்ரிகுலேஷன், எஸ்டிபிஎம் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லும், நான் விடுகிறேன். நான் சொல்வது பாலிடெக்னிக். மலாயில் 'போலி' என்று சுருக்குவார்கள், நம் சொந்தக்காரர்கள் கேலி செய்ய அந்தப் பெயரே போதும். ஆனால் நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969-இல் தொடங்கியது, உங்களுக்குப் பக்கத்தில் ஈப்போவில்தான் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் கல்விக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 வெள்ளி, விடுதியும் சாப்பாடும் தனி. தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவில் ஒரு பருவம் நிறுவனத்தில் பயிற்சி. எங்கே இடம் இருக்கிறது என்று அரசின் யூபியூ விண்ணப்பத் தளத்தில் பார்த்து விண்ணப்பியுங்கள்.

வகுப்பு பாதிதான். மீதியை அவன் வீட்டிலேயே பழக வேண்டும். இன்னொரு பழைய கணினியைத் திரை இல்லாமல் மூலையில் வைத்து, வேறொரு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், அதில் ஒரு வலைத்தளத்தை ஓடவிட வேண்டும். கெடுத்துத் திரும்ப நிறுவ வேண்டும். ஒவ்வொரு பிழையையும் எப்படித் தீர்த்தான் என்று நோட்டில் எழுதி வைக்கட்டும், நேர்காணலில் அந்த நோட்டு பேசும். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அத்தனையிலும் லினக்ஸ்தான். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதன் கருதான். பிறகு லினக்ஸ் நிர்வாகத்துக்கான எல்பிஐசி-1 சான்றிதழ்: இரண்டு தாள், தாளுக்கு 60 கேள்வி, 90 நிமிடம். பாடங்கள் அதை நடத்தும் எல்பிஐ அமைப்பின் தளத்திலேயே இலவசம். தமிழில் தொடங்க 2012 முதல் வரும் கணியம் இணைய இதழ் இருக்கிறது, ஆனால் ஆங்கிலக் கையேடு படிக்காமல் இந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது. அதில் மட்டும் அவனுக்குச் சலுகை கொடுக்காதீர்கள்.

ஆரம்பச் சம்பளம் அத்தை மெச்சும்படி இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு 'சர்வர் படுத்துவிட்டது' என்று போன் வரும். கேம் விளையாடும் விலையுயர்ந்த லேப்டாப்பை இப்போது வாங்கிக் கொடுக்காதீர்கள். 'சைபர் செக்யூரிட்டி' என்று பளபளக்கும் தனியார் கல்லூரிப் படிப்புக்கும் கடன் வாங்காதீர்கள், அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடனும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான்.

அம்மா தாளைப் பையில் வைத்தார். "அண்ணி கேட்டா நான் என்ன சொல்றது?"

பையன் முந்திக்கொண்டான்: "அத்தை வீட்டுல பழைய லேப்டாப் ஒன்னு சும்மா கிடக்கும்மா. தூக்கிப் போடறதுக்குள்ள கேட்டு வாங்கிடுங்க."