24 மடங்கு ஸ்கோப் வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் தம்பி மகன் கயோட்டி வேட்டைக்கு துப்பாக்கியில் பொருத்தும் 6-24×50 ஸ்கோப் வாங்கப் போகிறானாம். பெரிய எண் நல்லதுதானே?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. 6-24×50 என்றால் 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், முன்வில்லை 50 மி.மீ. அகலம். கயோட்டி நம்ம ஊர் குள்ளநரிக்கு உறவு. வேட்டைக்காரர் இரைபோல ஊதும் ஊதல் சத்தம் கேட்டால் சில சமயம் முப்பது கஜத்துக்குள்ளேயே ஓடி வந்து நிற்கும். 6 மடங்கில் அந்தத் தூரத்தில் ஐந்தடி அகலம்தான் தெரியும். நரியைத் தேடுவதற்குள் அது போய்விடும். ஊசுட்டேரியில் 20 மடங்குக் கருவியோடு பறக்கும் மீன்கொத்தியைத் துரத்திய முட்டாள் நான், பார்த்ததெல்லாம் கோரைப்புல்.

வெளிச்சமும் ஒரு கணக்கு. 50 மி.மீ. வில்லையை 24-ஆல் வகுத்தால் 2 மி.மீ. அகல ஒளிக்கற்றைதான் கண்ணுக்கு வரும். கயோட்டி நடமாடும் அந்திக் கருக்கலில் அது போதாது. 3-9×40 எடுத்து, 3 அல்லது 4-இல் வைத்துக்கொள்ளட்டும். தூரத்துப் புல்வெளி நாய்களை (பெயர்தான் நாய், அணில் இனச் சிறு பிராணி) சுடுவதென்றால் 24 உதவும். அப்போதும் நடுப்பகலில், நம்ம சில்வர் பீச் மணல்போலக் கானல் ஆடும். மடங்கைக் குறைக்கத்தான் வேண்டும்.

ஊருக்கு வரும்போது பைனாகுலர் மட்டும் கொண்டு வரட்டும். 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்கே நரியைச் சுட்டால் சிறைதான்.