தெத்-ஆ-லா-பலேன் ஊருக்குக் காரில் போகலாமா?

வாடகைக் காரிலேயே அந்த மீனவ ஊர் வரை ஓட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாதுங்க. கனடாவின் கியூபெக் மாகாணத்து 138ஆம் நெடுஞ்சாலை கெகாஸ்கா என்ற ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் கப்பல், இல்லையென்றால் சின்ன விமானம். ரிமூஸ்கி என்ற துறைமுக நகரத்திலிருந்து வாரம் ஒருமுறை பெல்லா தெகாஞே கப்பல் கிளம்பும். கெகாஸ்காவுக்கு முன்னால், அதே சாலையில் இருக்கும் நத்தாஷ்கானில் காரை விட்டுவிட்டும் ஏறலாம். பனிமூட்டத்தில் தாமதமாகும், அதனால் திரும்பும் விமானத்தை நெருக்கமாகப் போடாதீர்கள்.

கோடையில் போங்கள். காட் மீன் பிடிக்க வசதியாக, அந்த ஊர்க்காரர்கள் முன்பெல்லாம் குடும்பத்தோடு எதிரிலுள்ள தீவுகளுக்குக் குடிபெயர்வார்கள். ப்ரோவிடான்ஸ் தீவில் அவர்கள் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் இருக்கிறது, அதைத் தவறவிடவே கூடாது. அப்புறம், பக்கத்து ஹாரிங்டன் ஹார்பரில் ஆங்கிலம் போதும். தெத்-ஆ-லா-பலேனில் பிரெஞ்சுதான், கொஞ்சமாவது பழகிக்கொள்ளுங்கள்.