கார் சீட்டில் பள்ளமா? கவரைக் கழற்றுமுன் அடியில் எட்டிப் பாருங்கள்

கேள்வி: சார், பத்து வருஷ ஆல்டோ. டிரைவர் சீட் நடுவில் குழி விழுந்த மாதிரி இருக்கு. துணி நல்லாத்தான் இருக்கு. முழு ஃபோமையும் மாத்தணுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியிருக்காது. சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, பின் பக்கமிருந்து டார்ச் அடித்து அடியில் பாருங்கள். பாம்பு மாதிரி வளைந்த ஸ்பிரிங் கம்பிகள் தெரியும். அவற்றின் முனை சட்டத்துக் கொக்கியிலிருந்து கழன்றிருந்தால், மேலே எத்தனை அடுக்கு ஃபோம் போட்டாலும் குழி திரும்ப விழும். முதலில் அதை இழுத்து மாட்டுங்கள். ஒடிந்திருந்தால் கட்டுக்கம்பியை இரண்டு மடிப்பாக்கிப் பக்கத்து ஸ்பிரிங்கோடு முறுக்கிக் கட்டி, கூரான முனைகளுக்குப் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங் சரியாக இருந்து, தரையில் மஞ்சள் தூள் கொட்டிக் கிடந்தால் ஃபோமை அடியிலிருந்து கம்பி அறுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவில் இருந்த கனத் துணி கிழிந்துபோனால்தான் இப்படி ஆகும். சட்டத்தின் உள்ளளவை எடுத்து, அதற்குச் சற்றுக் குறைவாகக் கோணித் துணியை இரண்டு மடிப்பாக வெட்டுங்கள். அதே அளவில் 12 மி.மீ. ரீபாண்டட் ஃபோம் (வெட்டுத் துண்டுகளை அழுத்திச் செய்த கெட்டி ஃபோம்) ஒரு துண்டு. மூலைகளை வட்டமாக்கி, ஸ்பிரிங்கின் மேல் கோணி, கோணியின் மேல் ரீபாண்டட் என்று பின் பக்க இடைவெளியில் நுழையுங்கள். கோணியின் நான்கு மூலையையும் ஸ்பிரிங்கோடு கட்டிவிட்டால் நகராது. கவரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: குஷன் கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி, ரீபாண்டட் என்று ஏதேதோ சொல்றாங்க. வீட்டில் பழைய மெத்தை ஃபோம் கிடக்குது, அது ஆகாதா?

பதில்: 32, 40 என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது உழைப்பைச் சொல்லும், கடினத்தைச் சொல்லாது. ஒரே 40-லேயே மெத்தென்றும் கிடைக்கும், கெட்டியாகவும் கிடைக்கும். அதனால் கடையில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். உட்காரும் இடத்துக்கு 40. ரீபாண்டட் என்பது ஃபோம் வெட்டுத் துண்டுகளை அரைத்து அழுத்திச் செய்தது. கனமும் கெட்டியும் அதிகம். அடியில் வைக்கலாம், மேலே வைத்தால் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மெத்தை ஃபோம் பெரும்பாலும் லேசான ரகம், சில மாதத்தில் அப்பளமாகிவிடும். வெட்டு மீதித் துண்டுகளைக் கேளுங்கள், முழு ஷீட் வாங்கத் தேவையில்லை.

கேள்வி: கதவுப் பக்க மேடு முழுக்கச் சரிஞ்சு, உள்ளே கம்பி இடிக்குது. இதையும் அடியிலிருந்தே செய்யலாமா அண்ணா?

பதில்: முடியாது, இதற்குக் கவரைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஏறி இறங்கும்போது தொடை தேய்ப்பது அந்த மேட்டைத்தான், அதனால் முதலில் சாவதும் அதுதான். அடி ஓரத்தில் கவரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளை விடுவித்து, மேல் தையல் பள்ளங்களில் இருக்கும் கம்பி வளையங்களைக் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். எந்த வளையம் எங்கே என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் அவசியம், பழைய ஃபோம் தூள் மூக்கில் ஏறும்.

சிதைந்த பகுதியைப் பிய்க்காமல், நல்ல ஃபோம் வரும்வரை நேராக வெட்டி எடுங்கள். பல் வைத்த பிரெட் கத்தி போதும். நிரப்பும் துண்டை எல்லாப் பக்கமும் 5 மி.மீ. பெரிதாக வெட்டினால் இறுக்கமாக உட்காரும். ஒட்டிக் காய்ந்தபின் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மறுபக்க மேட்டோடு ஒப்பிட்டு வடிவம் கொண்டு வாருங்கள். கடைசியாக மேட்டின் மேல் 6 மி.மீ. மென்மையான ஃபோம் ஒரு போர்வை. இல்லாவிட்டால் ஒட்டு விளிம்பு துணிக்கு மேல் கோடாகத் தெரியும். மொத்தத்தில் பழைய உயரத்தைவிட 10 மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள். கவர் ஏறாது, ஏறினாலும் தையல் விடும்.

திரும்பப் போடும்போது ஃபோமின் மேல் மெல்லிய பாலித்தீன் பையைப் போர்த்தினால் கவர் வழுக்கிக்கொண்டு இறங்கும், பிறகு பையை உருவிவிடலாம். வளையங்களுக்குப் பதில் 2.5 மி.மீ. கேபிள் டை போதும். வாலை ஒட்ட நறுக்குங்கள், மீதி இருந்தால் குத்தும்.

கேள்வி: வெள்ளை ஃபெவிகால் வீட்டிலேயே இருக்கு. அதில் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அது மரத்துக்கானது. ஃபோமுக்குள் காய நாளாகும், காய்ந்தால் ஓடு போலாகி நொறுங்கும். ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை, 200 மி.லி. டின் தாராளம். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம், விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, பிறகு அழுத்துங்கள். பெரும்பாலானோர் இந்தக் காத்திருப்பில்தான் சறுக்குகிறார்கள். ஈரத்தோடு ஒட்டினால் மறுநாள் கழன்று வரும். பதம் வந்தபின் தொட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. உட்காரும் பரப்பு முழுக்கத் தடவினாலும் கெட்டித் தோலாகிவிடும், விளிம்புகளில் மட்டும் போதும். காற்றோட்டமான இடம், பக்கத்தில் நெருப்பு கூடாது.

கேள்வி: என்னுடையது 2021 மாடல். முன் பயணி சீட்டைக் கழற்றிச் செய்யலாமா சார்?

பதில்: 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில் முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். பயணி சீட்டில் ஆள் இருப்பதை அறிய ஃபோமுக்கும் கவருக்கும் நடுவிலோ, ஃபோமுக்கு அடியிலோ மெல்லிய உணரித் தகடு இருக்கும். அதன் மேல் பசை கூடாது, ஃபோம் அடுக்கும் கூடாது. முதுகுச் சாய்வின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று முத்திரை இருந்தால் சாய்வை விட்டுவிடுங்கள். வெடிக்கும்போது கிழியும்படியே அந்தத் தையல் போடப்பட்டிருக்கிறது. சீட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் பேட்டரி மைனஸை எடுத்து 10 நிமிடம் பொறுத்து, பிறகுதான் சீட்டுக்கு அடியில் உள்ள ஏர்பேக் ஒயரின் மஞ்சள் இணைப்பைப் பிடுங்குங்கள். அது திரும்பச் சேரும்வரை சாவியைத் திருப்பாதீர்கள், ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

கேள்வி: மழைத் தண்ணி இறங்கி சீட் நாறுது. காயவெச்சு அதே ஃபோமை வெச்சுக்கலாமா?

பதில்: அழுத்திக் கையை எடுத்ததும் உடனே எழும்பினால் வைத்துக்கொள்ளலாம். சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் காற்றாட வையுங்கள். நேர் வெயில் ஃபோமை மஞ்சளாக்கி நொறுக்கும். நடுப்பகுதி காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். விரல் பட்டாலே உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதையும் பாருங்கள், பெரும்பாலும் கதவு ரப்பரோ, கண்ணாடி ஓரமோதான்.